ஊவா மலையில் ஓர் ஓடை

எம் கல்லூரியின் விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமென மலராசிரியர் பணித்தபொழுது, விடுதி வாழ்வையோ விளையாட்டுப் போட்டிகளையோ பற்றி எழுதலாமென்றே முதலில் எண்ணினோம். ஆயின் எம் உள்ளம் பதுளைப் பகுதித் தோட்டமொன்றின் லயத்துக்குக் கீழே ஓடும் சிற்றோடை ஒன்றையே சுற்றிச் சுற்றி வந்தது. ஆகவே அதனைப் பற்றியே எழுதத் துணிந்தோம்.

1960ஆம் ஆண்டளவில் எமக்கு எட்டு வயதிருக்கும். தோட்டத்துத் துரை ஓய்வு நாட்களில் ஒகியாவுக்கு மேலேயுள்ள ஹோட்டன் சமவெளிக்கு மீன் பிடிக்கச் செல்வார். அவருடைய கூடையையும் தூண்டிற் கோலையும் சுமப்பவர் எம் தந்தையார். ஒருமுறை எம்மையும் உடனழைத்துச் சென்றார். அங்கிருந்த ஓடையின் அடியிற் கிடந்த கூழாங்கற்களை எண்ணிவிடலாம் போலிருந்தது. நீரோட்டத்தை எதிர்த்து அசையாது நின்ற மீனொன்றைத் தந்தையார் காட்டி, "தம்பி, அது துரைமாருடைய மீன். கலங்கின தண்ணியில ஒரு நாளும் இராது" என்றார். நீரைத் தொடக் கை நீட்டினோம். துரை திரும்பிப் பார்த்தார். கையை இழுத்துக்கொண்டோம்.

அம்மீன் ட்ரௌட் என்பதைப் பிற்காலத்திற் படித்தறிந்தோம். 1880ஆம் ஆண்டுகளில் ஆங்கிலேயர் அதன் முட்டைகளைக் கப்பலேற்றி வருவித்து நுவரெலியாவிற் பொரிக்கச் செய்தனர். 1896இல் இலங்கை மீன்பிடிக் கழகமும் தோன்றிற்று. முதலில் வந்த பழுப்பு ட்ரௌட் நிலைபெறவில்லை; பின்னர் வந்த வானவில் ட்ரௌட்டே சமவெளி ஓடைகளில் தானாக இனம் பெருக்கலாயிற்று. எம் முன்னோரைக் கடல் கடந்து வரவழைத்தவர்களும் அத்துரைமாரே. மீன் முட்டைக்குக் கிடைத்த பராமரிப்பு, மன்னார்க் காட்டு வழியே நடந்து வந்த மனிதருக்குக் கிடைக்கவில்லை என்பதை நினைக்குந்தோறும் நெஞ்சு கனக்கின்றது.

ஆயினும் அம்மீனிடம் நாம் கற்கவேண்டிய பாடம் ஒன்றுண்டு. ட்ரௌட் பரற்கற்களிடையே குழி பறித்து முட்டையிடும். கற்களின் இடுக்கு வழியே குளிர்ந்த தெளிநீர் ஓடினாலன்றி முட்டைகள் உயிர் பெறா. சேறு படிந்தால் மூச்சு முட்டி மடியும். எனவே மீனைக் காக்க விரும்புவோர் முதலில் மலைச்சரிவின் மண்ணைக் காக்கவேண்டும். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், ஓசேபிள் ஆற்றங்கரையில் 1959இல் தூண்டிற்காரர் சிலர் கூடி அமைத்த 'ட்ரௌட் அன்லிமிடெட்' என்னும் சங்கம், குஞ்சுகளைக் கொண்டுவந்து விடுவதினும் ஆற்றைப் பேணுவதே தலையாயது என்னும் கொள்கையிலேயே எழுந்தது.

சமவெளியில் மீண்டும் ட்ரௌட்டைப் பெருக்குக என யாம் கூறவில்லை. அந்நிலம் 1988இல் தேசிய பூங்காவாயிற்று; அவ்வோடைகளுக்கே உரிய சிற்றிறால் இனத்துக்கு இவ்வந்நிய மீன் பகையென அறிஞர் கூறுவர். யாம் வேண்டுவது அம்மீனன்று. அது வேண்டிய தெளிநீரே.

அத்தெளிநீர் ஊவாவில் அரிதாகிவிட்டது. பிதுருதலாகலைச் சரிவில் தோன்றி வெலிமடை வழியே வரும் உமா ஓயா, தேயிலை மலைகளிலும் காய்கறி நிலங்களிலும் கரைந்த மண்ணைச் சுமந்து சென்று ரன்தம்பை நீர்த்தேக்கத்திற் கொட்டுகின்றது. மண் பாதுகாப்புச் சட்டம் 1951இலேயே நிறைவேறியது. ஆயின் சட்டம் ஏட்டிலிருக்க, மண் ஆற்றோடு போயிற்று.

ஆசிரியப் பணியினின்றும் ஓய்வு பெற்று யாம் ஊர் திரும்பியபொழுது, எமது ஓடையும் மழைக்காலத்தில் செந்நிறமாய் ஓடிற்று. லயத்துப் பெண்கள் பீலியிற் பிடித்த நீரைத் துணியால் வடித்துக் குடத்தில் வார்த்தனர். மேலேயுள்ள சிங்களக் கிராமத்தவரின் உருளைக்கிழங்குப் பாத்திகளே காரணமெனக் கருதி, அவர்களிடம் ஒரு சொல்லும் பேசாது, அதிகாரிகளுக்கு மனு எழுதினோம். அது எமது பெருந்தவறு. விசாரணை வந்தது, பகை வளர்ந்தது, நீர் தெளியவில்லை.

பல நாள் தயங்கியபின், முதிய விவசாயி ஒருவரின் வீட்டுக்குத் தனியே சென்றோம். அவர் கடிந்துகொள்ளவில்லை. தேநீர் தந்து, தம் நிலத்தின் மேல்வரம்புக்கு அழைத்துச் சென்றார். தூர்ந்துபோன தோட்டத்துக் கான்கள் உடைந்து, அவருடைய பாத்திகளின் மேல் மண்ணைத் தள்ளியிருந்தன. "மாஸ்டர், உங்கள் மலை மண் என் நிலத்துக்கு வருகிறது. என் மண் உங்கள் பீலிக்கு வருகிறது. யார் மேல் யார் மனு எழுதுவது?" என்று, தமக்குத் தெரிந்த தமிழிற் கேட்டார். யாம் நாணி நின்றோம்.

அதன்பின் ஒரு போயா தினத்தில் கிராமத்தவரும் லயத்தவரும் தோட்ட நிருவாகியும் கமநல சேவை உத்தியோகத்தரும் ஓரிடத்தில் அமர்ந்தனர். திணைக்களம் நாற்றுகளும் ஆலோசனையும் தந்தது. நிருவாகி கான்களைத் தூர்வார இசைந்தார். விவசாயிகள் சரிவுக்குக் குறுக்காகக் கல்லணை கட்டி, வரம்பில் வெட்டிவேர் நட்டனர். தேயிலை பட்டுப்போன திட்டுகளில் மானாப்புல் வளர்ந்தது. ஓடையின் இரு கரையிலும் சில அடி நிலம் கொத்தாது விடப்பட்டது. கான் வெட்டுவதிற் கைதேர்ந்த லயத்து முதியோர் கிராமத்து இளைஞருக்கு வாட்டம் பார்க்கக் கற்றுக்கொடுத்தனர். இத்தனை தலைமுறையாக அண்டை வாழ்ந்தும் அவர்கள் ஒருவர்க்கொருவர் ஆசானாக அமைந்தது அதுவே முதன்முறை.

எல்லாம் இனிதே நிறைவேறிற்று என உரைத்தல் உண்மையாகாது. கிழங்கின் விலை ஏறியபொழுது சிலர் கரையை மீண்டும் கொத்தினர். ஓரணை பெருமழையிற் சரிந்தது. ஆயினும் முன்னர் மழை ஓய்ந்து ஒரு கிழமை கலங்கியிருந்த நீர், இப்பொழுது இரண்டாம் நாளே தெளிகின்றது.

சென்ற ஆண்டு எம் பேத்தி ஓடையில் இறங்கி நின்று, நீரோட்டத்தை எதிர்த்து நின்ற சிறுமீன்களைக் கண்டு, "தாத்தா, இது யாருடைய மீன்?" என்று வினவினாள். ட்ரௌட் அன்று, விரலளவு நாட்டு மீன்களே. "நம்முடையதுதான், அம்மா. மேலே இருக்கிறவர்களுடையதுந்தான்" என்றோம். அவள் நீரில் கை வைத்தாள். அவளைத் திரும்பிப் பார்ப்பார் ஒருவருமில்லை.

இம்மலரைப் படிக்கும் இளைய மாணவர்காள்! உங்கள் ஊர் நீர் கலங்கினால், மனு எழுதுமுன் மேட்டுக்கு ஏறிச் சென்று அயலாரைக் காணுங்கள். யாம் காலந்தாழ்த்திக் கற்றது இதுவே.