டிக்கெட் இல்லாத நாற்காலிக் கண்காட்சி

நாற்காலி பார்ப்பதற்கென்றே விமானம் ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள். ஜெர்மனியில் வைல் ஆம் ரைன் என்றொரு சின்ன ஊர். 1989-ல் அங்கே திறக்கப்பட்ட விட்ரா டிசைன் மியூசியம், நாற்காலி ரசிகர்களுக்குக் கோயில் மாதிரி. பேர் பெற்ற வடிவமைப்பாளர்களின் நாற்காலிகளை அங்கே சேர்த்து வைத்திருக்கிறார்கள். பார்க்கலாம், படம் எடுக்கலாம். காட்சியில் இருப்பதில் போய் உட்காரத்தான் முடியாது.

நாம் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. ஒரு சனிக்கிழமையை ஒதுக்கினால் போதும். காலையில் மயிலாப்பூர், மதியம் அடையாறு, சாயங்காலம் தி.நகர். போகிற வழியெல்லாம் கண்ணில் படும் நாற்காலிகளைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 'இது யார் உட்காருவதற்காகச் செய்தது?'

மயிலாப்பூர்: திண்ணை முதல் பிளாஸ்டிக் வரை

மாட வீதிகளைச் சுற்றியுள்ள தெருக்களில் பழைய வீடுகள் இன்னும் சில மிச்சம் இருக்கின்றன. திண்ணை வைத்த வீடு கண்ணில் பட்டால் ஒரு நிமிடம் நில்லுங்கள். நாற்காலி வருவதற்கு முன்பே நம் ஊரில் இருந்த இருக்கை அது. வீட்டுக்காரர் மட்டுமல்ல, வழிப்போக்கரும் உட்காரலாம் என்று கட்டியது.

வீட்டுக்குள் தாத்தாவின் ஈஸி சேர் இருந்திருக்கும். தேக்குச் சட்டம், நடுவில் தொங்கும் கான்வாஸ் துணி அல்லது பிரம்புப் பின்னல், காலைத் தூக்கிப் போட்டுக்கொள்ள நீளும் கைகள். வீட்டில் ஒருவருக்கு மட்டுமே சொந்தமான நாற்காலி அது. அவர் இல்லாதபோதும் மற்றவர்கள் அதில் உட்காரத் தயங்குவார்கள். தோப்பில் முஹம்மது மீரானின் 'சாய்வு நாற்காலி' நாவல் 1997-ல் சாகித்ய அகாடமி விருது பெற்றது. ஒரு குடும்பத்தின் அதிகாரத்தைச் சொல்ல அந்தப் பெயரே போதும். இன்று வீடுகள் ஃபிளாட் ஆகும்போது, 'ஹாலில் இடம் அடைக்கிறது' என்று முதலில் வெளியே போவதும் ஈஸி சேர்தான்.

இதற்கு நேர் எதிர், பிளாஸ்டிக் நாற்காலி. பங்குனியில் அறுபத்து மூவர் விழாவன்று வாசலில் ஒரு பாட்டிக்கு இடம் வேண்டுமென்றால் இதைத்தான் இழுத்துப் போடுகிறோம். கல்யாணம், பொதுக்கூட்டம், துக்க வீடு எல்லாவற்றுக்கும் இதுவே. உருகிய பிளாஸ்டிக்கை அச்சுக்குள் செலுத்தி, ஆணியோ திருகோ இல்லாமல் ஒரே துண்டாக வார்ப்பதால் இதற்கு 'மோனோபிளாக்' என்று பெயர். இந்த வகைக்கு முன்னோடியான ஒரு நாற்காலியை 1972-ல் செய்தவர் பிரான்ஸைச் சேர்ந்த ஹென்றி மாசோனே. நாம் அலட்சியமாக அடுக்கி வைக்கும் இந்த நாற்காலிக்காகவே 2017-ல் விட்ரா மியூசியம் தனிக் கண்காட்சி நடத்தியது!

அடையாறு: குமாஸ்தாவின் நாற்காலி

பெசன்ட் நகர், காந்தி நகர் பக்கம் புதிது புதிதாகத் திறக்கும் கஃபேக்களில் காபி குடிக்கும்போது நாற்காலிகளைக் கொஞ்சம் கவனியுங்கள். தேக்குச் சட்டம், பிரம்புப் பின்னல், தலைகீழ் 'வி' மாதிரி சாய்ந்த கால்கள். இந்த ஜாடையில் ஒன்று கண்ணில் பட்டால், அதன் பூர்வீகம் சண்டிகர்.

அந்த நகரத்தை உருவாக்க லெ கார்புசியேவுடன் கைகோத்தவர் அவருடைய உறவினரான பியர் ஜான்னரே. 1951-ல் வந்தவர் 1965 வரை அங்கேயே தங்கினார். அவரும் அவருடைய குழுவினரும் அரசு அலுவலகங்களுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் வடிவமைத்த நாற்காலிகள் இவை. குமாஸ்தாக்கள் உட்கார்ந்து கோப்பு பார்த்தார்கள். பின்னல் அறுந்ததும் குவித்துப் போட்டு, பழைய சாமான் விலைக்கு ஏலம் விட்டார்கள். வாங்கியவர்கள் பழுது பார்த்து வெளிநாட்டுக்கு அனுப்ப, அங்கே ஏலத்தில் லட்சக்கணக்கில் விலை போயின. விஷயம் புரிந்து, 2011-ல் மத்திய உள்துறை அமைச்சகம் அவற்றை விற்கவும் ஏற்றுமதி செய்யவும் தடை போட்டது.

உங்கள் வீட்டு ஈஸி சேருக்கு லட்சம் கிடைக்கும் என்று சொல்ல வரவில்லை. பழைய சாமான்காரரிடம் போடுவதற்கு முன், துணியை மாற்றினால் போதுமா, பின்னலைச் சரி செய்ய முடியுமா என்று ஒருமுறை பாருங்கள். மரம் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும்.

தி.நகர்: இல்லாத நாற்காலி

மாலையில் தி.நகர். ரங்கநாதன் தெருவுக்குள் நுழைந்தால் நடப்பதே பெரிய காரியம். ஒரு துணிக்கடையின் மாடிக்கு ஏறினேன். புடவை எடுக்க வந்தவர்களுக்குக் குஷன் இருக்கை. மனைவி தேர்ந்தெடுக்கும் வரை காத்திருக்கும் கணவர்களுக்குத் தனி பெஞ்ச். கவுன்டருக்கு அந்தப் பக்கம் எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள்.

"உட்கார ஸ்டூல் இல்லையாம்மா?" என்று புடவை விரித்த பெண்ணிடம் கேட்டேன்.

"இருக்குக்கா. ரெண்டு இருக்கு. இந்த செக்ஷன்ல நாங்க பதினோரு பேரு" என்று சிரித்தபடியே அடுத்த புடவையை உதறினார்.

மணிக்கணக்கில் நின்றால் கால் வீங்கும், இடுப்பு வலிக்கும், நரம்பு சுருண்டுகொள்ளும். இதை எதிர்த்து முதலில் குரல் கொடுத்தவர்களில் கோழிக்கோடு மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலை பார்த்த பெண்கள் முக்கியமானவர்கள். 'பெண்கூட்டு' என்ற அமைப்பின் கீழ் திரண்டு போராடினார்கள். 2018-ல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. 2021 செப்டம்பரில் நம் சட்டமன்றமும் 1947-ம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் ஒரு திருத்தம் கொண்டுவந்தது. ஊழியர்கள் எல்லோருக்கும் தகுந்த இருக்கை வசதி வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்கார முடிய வேண்டும் என்பது அதன் சாரம். இதே ரங்கநாதன் தெருவின் ஊழியர் வாழ்க்கையை வசந்தபாலனின் 'அங்காடித் தெரு' படம் 2010-லேயே காட்டிவிட்டது. சட்டம் வர மேலும் பதினோரு வருடம் ஆனது.

காலையிலிருந்து பார்த்த நாற்காலிகளில் திண்ணை எல்லோருக்குமானது. ஈஸி சேர் ஒருவருக்கானது. சண்டிகர் நாற்காலி அலுவலக ஊழியருக்காகப் பிறந்து பணக்காரர் வீட்டுக்குப் போனது. கவுன்டருக்குப் பின்னால் இருக்க வேண்டிய ஸ்டூலுக்குப் பெரிய வடிவமைப்பாளர் யாரும் தேவையில்லை. நான்கு கால், ஒரு பலகை. விலையும் அதிகமில்லை.

அடுத்த முறை தீபாவளிக்கோ கல்யாணத்துக்கோ துணி எடுக்கப் போகும்போது, கவுன்டருக்கு அந்தப் பக்கம் ஒருமுறை எட்டிப் பாருங்கள். ஸ்டூல் இல்லையென்றால் பில் போடும் இடத்தில், "அவங்க உட்கார ஏதாவது போடுங்களேன்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள். வாடிக்கையாளர் சொன்னால் கடைக்காரர் காதில் விழும்.