ஒரு பதிவு, ஒரு வரி

குறும்பதிவு எழுதி உலகுக்குச் சொல்ல ஒரே ஒரு உரைக்கோப்பு போதும். வரிக்கு ஒரு பதிவு. வரியின் தொடக்கத்தில் தேதியும் நேரமும், அடுத்து ஒரு டேப், அதன்பின் சொல்ல வந்த செய்தி. அந்தக் கோப்பை இணையத்தில் யாரும் எடுத்துப் படிக்கும்படி வைத்துவிட்டால் வேலை முடிந்தது. பக்கெட் என்ற புனைபெயரில் இயங்கும் நிரலர் 2016-இல் வகுத்துத் தந்த இந்த முறைக்கு ட்விடெக்ஸ்ட் என்று பெயர். என் குறும்பதிவுகளை நான் இப்படித்தான் எழுதி வருகிறேன். எழுதவும், தேடவும், வரிசைப்படுத்தவும், வெளியிடவும் டெர்மினலில் கிடைக்கும் சின்னச் சின்னக் கட்டளைகளே எனக்குப் போதுமானவையாக இருக்கின்றன.

இவ்வளவு எளிய முறை எப்படி இவ்வளவு உறுதியாக நிற்கிறது? ஒரு பதிவு ஒரு வரியைத் தாண்டக் கூடாது என்ற விதிதான் காரணம். 1973-இல் பெல் ஆய்வகத்தில், டக் மெக்கில்ராய் விடாமல் வற்புறுத்தியதன் பேரில், கென் தாம்சன் யூனிக்ஸில் பைப் வசதியைச் சேர்த்தார். ஒரு நிரல் வெளியே தள்ளுவதை அடுத்த நிரல் அப்படியே வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு அது. அதே காலத்தில் தேடுவதற்கு ‘கிரெப்’ வந்தது. திருத்துவதற்கு ‘செட்’ வந்தது. வரியைப் பகுதிகளாகப் பிரித்துக் கையாள 1977-இல் ‘ஆக்’ வந்தது. இவை அனைத்துக்கும் வரிதான் அலகு. கிரெப் ஒரு சொல்லைக் கண்டால் அந்த வரியை முழுதாகத் தரும். ‘சார்ட்’ வரிகளை அடுக்கும். ‘கட்’ வரியை டேப் இருக்கும் இடத்தில் வெட்டும். ஆக, பதிவை வரியாக எழுதிய அந்தக் கணத்திலேயே அரை நூற்றாண்டு உழைப்பு நமக்குத் துணையாக வந்து நிற்கிறது. நமக்கென்று யாரும் புதிதாகச் செயலி எழுதித் தர வேண்டியதில்லை.

ஒரு பதிவு எழுதுவதைக் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். ‘டேட்’ கட்டளையிடம் நேரம் கேட்கிறேன். ‘பிரிண்ட்எஃப்’ அந்த நேரத்தையும் டேப்பையும் என் வாக்கியத்தையும் கோத்து, வரியை முடித்து, கோப்பின் கடைசியில் சேர்க்கிறது. பலரும் இந்த இடத்தில் ‘எக்கோ’வைப் பயன்படுத்துவார்கள். ஆனால் டேப்பைக் கையாள்வதில் எக்கோ ஷெல்லுக்கு ஷெல் மாறும். பிரிண்ட்எஃப் எங்கும் ஒரே மாதிரி நடந்துகொள்ளும். கோப்பில் சேர்ப்பதற்கு ‘>’ குறியை இரண்டு முறை போட வேண்டும். ஒன்று மட்டும் போட்டால் பழைய பதிவுகள் எல்லாம் போய்ப் புது வரி மட்டும் மிஞ்சும். ஷெல்லில் ‘நோக்ளாபர்’ என்ற அமைப்பைப் போட்டு வைத்தால், இருக்கும் கோப்பை ஒற்றைக் குறி அழிக்க முடியாது. இந்தக் காவலைப் போட்டுவிட்டே எழுத உட்கார வேண்டும் என்பது என் முதல் விதி.

இரண்டாவது விதி நேரம் பற்றியது. ட்விடெக்ஸ்ட் கேட்கும் நேர வடிவம் 2002-இல் வந்த ஆர்எஃப்சி 3339 என்ற தரம். ஆண்டு முதலில், பிறகு மாதம், நாள், மணி, நிமிடம், நொடி. பெரியதிலிருந்து சிறியதற்கு இறங்கும் இந்த ஒழுங்கினால், வரிகளை வெறும் எழுத்துவரிசையில் அடுக்கினாலே காலவரிசை கிடைத்துவிடும். சார்ட்டுக்கு நாள்காட்டி தெரிய வேண்டியதே இல்லை. ஆனால் எல்லா வரியும் ஒரே நேர மண்டலத்தில் இருந்தால்தான் இது பலிக்கும். நம் ஊரில் 2024 மே 1, இரவு 12.30 என்பது உலகப் பொது நேரமான யூடிசி கணக்கில் ஏப்ரல் 30, மாலை 7 மணி. ஒரு வரியில் உள்ளூர் நேரமும் அடுத்ததில் யூடிசியும் இருந்தால் சார்ட் வரிசையைக் குலைத்துவிடும். அதனால் எழுதும்போதே யூடிசியில் எழுதிவிடுகிறேன். பிறர் கோப்புகளைப் படிக்கும்போது முதல் பத்தியைக் ‘கட்’ கொண்டு வெட்டி எடுப்பேன். அதை லினக்ஸில் உள்ள டேட் கட்டளையிடம் கொடுத்தால், வரிக்கு வரி வாசித்து எல்லாவற்றையும் யூடிசிக்கு மாற்றித் தரும். பிறகு ‘பேஸ்ட்’ கட்டளையால் செய்திப் பத்தியோடு மறுபடி ஒட்டிவிடலாம். மூன்று கட்டளை, நாலைந்து நொடி வேலை.

தமிழில் எழுதுபவருக்கு இங்கே இன்னொரு கேள்வி வரும். ஆங்கிலத்தை மட்டும் மனத்தில் வைத்து அக்காலத்தில் செய்த கருவிகள் தமிழைச் சிதைக்காதா? சிதைக்காது. 1992-இல் கென் தாம்சனும் ராப் பைக்கும் வகுத்த யூடிஎஃப்-8 குறிமுறைதான் அதற்குக் காரணம். ட்விடெக்ஸ்ட் கோப்பும் யூடிஎஃப்-8-இல்தான் இருக்க வேண்டும். அதில் தமிழ் எழுத்துகளுக்கான ஒவ்வொரு யூனிகோட் குறியும் மூன்று பைட். அந்த மூன்றில் எதன் மதிப்பும் 128-க்குக் குறையாது. டேப்பின் மதிப்பு 9. வரி முடிவின் மதிப்பு 10. ஒரு தமிழ் எழுத்தின் வயிற்றுக்குள் டேப்போ வரி முடிவோ ஒளிந்திருக்க வழியே இல்லை. தமிழென்று ஒரு மொழி இருப்பதே தெரியாமல் எழுதப்பட்ட நிரல்கூட, டேப்பைத் தேடி வெட்டும்போது நம் எழுத்தைத் தொடாமல் வெட்டும். இதை முதன்முதலாக விளங்கிக்கொண்டபோது அவ்விருவர் மேல் எனக்கு உண்டான மரியாதை இன்றுவரை குறையவில்லை.

ஆனால் எழுத்தை எண்ணும் இடத்தில் விழிப்பு வேண்டும். ‘தமிழ்’ என்ற சொல் கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோட் கணக்கில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து. பைட் கணக்கில் 15. எண்ணுவதற்கு இருக்கும் ‘டபிள்யூசி’ கட்டளையிடம் எதைக் கேட்கிறோமோ அதற்கேற்ப 15 என்றோ 5 என்றோ சொல்லும். 3 என்று ஒருபோதும் சொல்லாது. ட்விடெக்ஸ்ட் ஒரு பதிவை 140 எழுத்துக்குள் வைக்கச் சொல்கிறது, ட்விட்டர் முதலில் பழக்கிய அதே அளவு. குறுஞ்செய்தியின் 160 எழுத்திலிருந்து பெயருக்கு 20 ஒதுக்கி வந்த கணக்கு அது. தமிழில் அனுப்பும் குறுஞ்செய்திக்கோ 70 குறிதான் இடம். யாரோ எந்த மொழிக்கோ போட்ட அளவுகோலை நாம் அப்படியே சுமக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. 140 என்பது கட்டாயமும் இல்லை, பரிந்துரைதான். நான் கண்ணால் காணும் எழுத்தைத்தான் எண்ணுகிறேன். பெர்ல் வகை ரெகுலர் எக்ஸ்பிரஷனில் ஒரு முழு எழுத்தைப் பிடிக்கவென்றே ஒரு குறி உண்டு. அதைக் கிரெப்பில் கொடுத்தால் எழுத்தெழுத்தாகப் பிரித்து வரிக்கு ஒன்றாகத் தரும். பிறகு வரிகளை எண்ணினால் ‘தமிழ்’ மூன்றுதான். ‘க்ஷ’ போன்ற கூட்டெழுத்தை மட்டும் இரண்டாக எண்ணும்.

இதைவிட நுட்பமான ஒன்றும் உண்டு. ‘கொ’ என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ககரத்தின் பின் ஒகரக் குறி ஒன்றாக வரலாம். அல்லது எகரக் குறி, காலெழுத்து என்று இரண்டாக வரலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். பைட்டுகளை ஒப்பிடும் கிரெப்புக்கு இரண்டும் வேறு வேறு சொல். ‘கொடி’ என்று எழுதிய பதிவு கோப்பில் இருந்தும் ‘கொடி’ என்று தேடினால் அகப்படாமல் போவது இதனால்தான். விசைப்பலகை செயலிகள் எல்லாம் ஒரே வழியைப் பின்பற்றும் என்று நம்பிவிட முடியாது. ஆகவே கோப்பில் சேர்வதற்கு முன் ஒவ்வொரு வரியையும் ‘யூகான்வ்’ என்ற கட்டளை வழியாக அனுப்பி, எல்லாவற்றையும் ஒற்றைக் குறி வடிவத்துக்குக் கொண்டுவருகிறேன். தமிழில் உரைக்கோப்பு வைத்திருக்கும் எவருக்கும் இதை வலியுறுத்திச் சொல்வேன். தேடினால் கிடைக்காத எழுத்து, எழுதாததற்குச் சமம்.

வெளியிடுவதற்கு ‘ஆர்சிங்க்’. கோப்பைச் சர்வரில் நேரடியாக மேலெழுதாமல், பக்கத்தில் தற்காலிகப் பெயரில் முழுதாக இறக்கி வைத்துவிட்டுக் கடைசியில்தான் பெயரை மாற்றும். அந்த நேரம் பார்த்து யாராவது கோப்பை எடுத்தாலும் பழையது முழுதாகக் கிடைக்கும், அல்லது புதியது முழுதாகக் கிடைக்கும். பாதி வெட்டுப்பட்ட வரி யார் கைக்கும் போகாது. வாசகரிடம் காட்டும் இந்த மரியாதையை நான் பெரிதாக மதிக்கிறேன்.

படிப்பதும் இதே வழியில்தான். எனக்குப் பிடித்தவர்களின் கோப்பு முகவரிகளை ஒரு பட்டியலாக வைத்திருக்கிறேன். ‘கர்ல்’ ஒவ்வொன்றையும் போய் எடுத்து வரும். போன முறைக்குப் பின் மாறியிருந்தால் மட்டும் தா என்று சர்வரிடம் கேட்கும் வசதியும் அதில் உண்டு. வீணாக ஒருவர் சர்வரைச் சுமையேற்றாமல் இருக்க அதைக் கட்டாயம் பயன்படுத்துகிறேன். ‘ஆக்’ ஒவ்வொரு வரியிலும் எழுதியவர் பெயரைச் சேர்க்கும். சார்ட் எல்லாவற்றையும் ஒன்றாக்கிப் புதியதை மேலே கொண்டுவரும். யாருடைய பதிவை முதலில் காட்டுவது என்று எனக்குத் தெரியாமல் முடிவெடுக்கும் எதுவும் நடுவில் இல்லை. வரிசையை நான்தான் தீர்மானித்தேன். அந்தத் தீர்மானம் என் கண்முன் ஒரே வரியில் இருக்கிறது.

என்னை யார் படிக்கிறார்கள் என்று அறியவும் அழகான ஒரு மரபு இருக்கிறது. ட்விடெக்ஸ்ட் செயலி ஒரு கோப்பை எடுக்கும்போது, விரும்பினால், தன் உரிமையாளரின் பெயரையும் அவருடைய கோப்பு முகவரியையும் ‘யூசர் ஏஜென்ட்’ பகுதியில் சொல்லிவிட்டு எடுக்கும். சர்வர் பதிவேட்டில் மேற்கோள் குறிகளுக்கிடையே இருக்கும் அதை ‘ஆக்’ கொண்டு பிரித்தால், வாசகர்கள் யார் என்று தெரிந்துவிடும். வெளியே சொல்ல விரும்பாதவர் சொல்லாமலே படிக்கலாம். பெயர் சொன்னவர்கள் பக்கம் நான் போகிறேன். சில சமயம் அங்கேயே தொடர்ந்து வாசிக்கும் நட்பு அமைகிறது.

இந்த முறையால் ஆகாதவையும் உண்டு. தனிப்பட்ட செய்தி அனுப்ப முடியாது. விருப்பக் குறி இல்லை. எழுதியது உடனடியாக யார் கைபேசியிலும் மணி அடிக்காது; மற்றவர் வந்து எடுக்கும்வரை கோப்பு காத்திருக்கும். இவை வேண்டும் என்பவருக்கு வேறு இடங்கள் பொருந்தும். எனக்கு வேண்டியது, எழுதியது என்னிடம் இருப்பதும் கேட்டபோது கிடைப்பதும். மழை பற்றி முன்பு என்ன எழுதினேன் என்றால் கிரெப் ஒரு நொடியில் சொல்கிறது. தேதியின் முதல் 7 இடங்களை மட்டும் வெட்டி ‘யூனிக்’ கட்டளையிடம் எண்ணச் சொன்னால், எந்த மாதம் எத்தனை எழுதினேன் என்ற கணக்கு வந்துவிடுகிறது. சர்வரை மாற்ற வேண்டி வந்தால், கோப்பை இன்னோர் இடத்தில் வைத்துப் புது முகவரியைச் சொன்னால் போதும். ஒரு வரிகூட மாறாது.

தொடங்க நினைப்பவர் மென்பொருள் தேடி அலைய வேண்டாம். ஒரு காலிக் கோப்பு, யூடிசி நேரம், ஒரு டேப், ஒரு வாக்கியம். பத்து வரி சேர்ந்ததும் சார்ட்டையும் கிரெப்பையும் அதன்மேல் ஓட்டிப் பாருங்கள். அதற்குமேல் என்ன கருவி வேண்டும் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும். அதைச் செய்துகொள்ளும் கையும் அதற்குள் பழகியிருக்கும்.