எத்தனை மொழி, எந்தத் தெரு

தஞ்சாவூரா, கும்பகோணமா, நாகப்பட்டினமா, எது பலதரப்பட்ட ஊர் என்று மாணவத் தோழர்கள் அடிக்கடி வாதாடுகிறார்கள். தஞ்சை அரண்மனையில் மராட்டி பேசினார்கள்; சரசுவதி மகாலில் தெலுங்கு, மராட்டி, சமஸ்கிருதச் சுவடிகள் இருக்கின்றன. கும்பகோணத்தில் சௌராஷ்டிர நெசவாளர்கள். நாகையைப் போர்ச்சுகீசியரும் டச்சுக்காரரும் அடுத்தடுத்து வைத்திருந்தார்கள். பக்கத்திலேயே நாகூர் தர்கா, வேளாங்கண்ணி. பட்டியல் போட்டால் நாகைதான் ஜெயிக்கும்.

எங்கள் கணக்கு வேறு. வீடு தேடிப் போனால் மூன்று ஊரிலும் ஒரே கேள்விதான்: "நீங்க என்ன ஆளுங்க?" வாடகை பேசுவதற்கு முன்பே கேட்டுவிடுகிறார்கள். (தஞ்சையில் கொஞ்சம் நாசூக்கு: "சொந்த ஊர்ல எந்தத் தெரு?")

பழைய கதைதான். தரங்கம்பாடிக்கு 1620இல் டேனிஷ்காரர்கள் வந்தார்கள், 1706இல் சீகன்பால்க் வந்தார். பல தேசத்தார் புழங்கிய துறைமுகம். அந்த மிஷனில் 1733இல் வெள்ளாளரான ஆரோன் போதகரானார். தஞ்சை மன்னர் படையில் இருந்த ராஜநாயக்கன் கடைசிவரை உபதேசியாகவே உழைத்தார். அவர் பறையர். அவர் கையால் இராப்போஜனம் வாங்க மற்ற சாதியார் சம்மதிக்கமாட்டார்கள் என்று குருப்பட்டம் தரவில்லை. 1741இல் அது வேறொருவருக்குப் போனது.

நாகையிலிருந்து கீழவெண்மணி பேருந்து தூரம்தான். கூலி உயர்வு கேட்ட சேரியில் 1968 டிசம்பர் 25 இரவு 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்தார்கள்.

தஞ்சையில் அறை தேடும் தோழர்கள் எழுதி அனுப்புங்கள்: எந்தத் தெருவில் கேட்டார்கள், எங்கே கேட்கவில்லை. மருத்துவக்கல்லூரிச் சாலைப் பக்கம் கொஞ்சம் பரவாயில்லை என்கிறார்கள்.