யாருக்காக வரைந்த சர்க்யூட்?

பொழுதுபோக்கு என்ற சொல்லைப் பெண்கள் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும். போக்குவதற்கு முதலில் பொழுது கையில் இருக்க வேண்டுமே! 2019-இல் இந்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் அதற்காக ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடங்கள் செலவிடுகிறாள். ஆண் 97 நிமிடங்கள். வித்தியாசம் மூன்று மணி நேரத்துக்கும் மேல். ஒரு ரேடியோவைக் கட்டி முடிக்க அந்த நேரம் தாராளமாகப் போதும்.

மிச்சமாகும் அரைமணியிலும் நாம் செய்வது வீட்டுக்கு உதவ வேண்டும் என்பது எழுதாத சட்டம். தையல் சரி, எம்பிராய்டரி சரி. சால்டரிங் அயர்னைப் பிடித்தால் மட்டும் “உனக்கு எதுக்கு இந்த வேலை?” இத்தனைக்கும் கூலிக்கு என்றால் நம் விரல்களை எல்லோருக்கும் பிடிக்கும். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்து ஆலைகளில் கைப்பேசிகளைப் பொருத்தும் வரிசைகளில் உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள். 1960-களில் நிலவுக்குப் போன அப்போலோ கலத்தின் கணினி நினைவகத்தை, கம்பியைக் கோத்துக் கோத்துக் கையால் பின்னியவர்களும் அமெரிக்க ஆலைப் பெண்கள்தாம். கூலிக்குச் செய்தால் திறமை, ஆசைக்குச் செய்தால் வேண்டாத வேலை.

ஆகவே ஒரு நல்ல ஹாபி எலெக்ட்ரானிக்ஸ் இதழை எப்படித் தேர்ந்தெடுப்பது என்ற கேள்வியை நான் சின்ன விஷயமாக நினைப்பதில்லை. 1975 ஜனவரியில் அமெரிக்காவின் ‘பாப்புலர் எலெக்ட்ரானிக்ஸ்’ இதழ் ஆல்டேர் 8800 என்ற கணினிக் கிட்டை அட்டையில் போட்டது. அதைப் பார்த்த இரண்டு இளைஞர்கள் அதற்கு மென்பொருள் எழுதப் புறப்பட்டார்கள். மைக்ரோசாஃப்ட் அப்படித்தான் பிறந்தது. அந்த இதழ் எந்தெந்த வீடுகளில் யார் கைக்குப் போயிற்று, யார் கைக்குப் போகவில்லை என்பதும் கணினியின் வரலாறுதான்.

எங்கள் வீட்டில் அது அண்ணன் கைக்கு வந்தது. டெல்லியிலிருந்து 1969 முதல் வெளிவரும் ‘எலெக்ட்ரானிக்ஸ் ஃபார் யூ’வின் பழைய பிரதிகளை அவன் கட்டாக வாங்கி வருவான். புரட்டுவான், மூடி வைப்பான். பி.எஸ்சி. இயற்பியல் படித்துக்கொண்டிருந்த நான்தான் வரி வரியாகப் படித்தேன். பிறகு என் சம்பளத்தில் நானே இதழ்கள் வாங்கத் தொடங்கினேன். டச்சு நாட்டில் பிறந்து பல மொழிகளில் வரும் ‘எலெக்டர்’, ஆஸ்திரேலியாவின் ‘சிலிக்கான் சிப்’, அமெரிக்காவின் ‘மேக்’ எல்லாம் கை மாறி வந்தன. இத்தனை ஆண்டுப் புரட்டலில் எனக்கென்று சில அளவுகோல்கள் உருவாகியிருக்கின்றன.

முதலில் நான் பார்ப்பது பாகங்களின் பட்டியலை. அதில் உள்ளவை நம் ஊரில் கிடைக்குமா? அமெரிக்க இதழ்கள் 2என்3904 டிரான்சிஸ்டரைப் போடும். இங்கே எளிதில் கிடைப்பது பிசி547. வேலை ஏறக்குறைய ஒன்றுதான், ஆனால் கால்களின் வரிசை தலைகீழ். தட்டையான முகம் நம்மைப் பார்க்க வைத்தால், முன்னதில் இடமிருந்து எமிட்டர், பேஸ், கலெக்டர். பின்னதில் கலெக்டர், பேஸ், எமிட்டர். மாற்றுப் பாகத்தைச் சொல்வதோடு கால்களையும் வரைந்து காட்டும் இதழே நல்ல இதழ். அதேபோல் அங்கே வீட்டு மின்சாரம் 120 வோல்ட், இங்கே 230. நேரடியாக மின்சாரத்தில் செருகும் திட்டங்களை வெளிநாட்டு இதழைப் பார்த்து அப்படியே செய்யக் கூடாது. புதிதாகத் தொடங்குபவர்கள் பேட்டரியில் ஓடும் திட்டங்களோடு நிற்பது நல்லது.

இரண்டாவது, அது ஏன் வேலை செய்கிறது என்று விளக்குகிறதா? நான் முதலில் கட்டியது மேல்நிலைத் தொட்டி நிரம்பினால் ஒலிக்கும் அலாரம். முழங்கால் வலியோடு அம்மா தினமும் மாடிப்படி ஏறித் தொட்டியை எட்டிப் பார்ப்பார். வழிந்தால் திட்டும் அவருக்குத்தான். அண்ணனோ அப்பாவோ ஒருநாளும் ஏறியதில்லை. இரண்டு கம்பிகள், ஒரு டிரான்சிஸ்டர், ஒரு ரெசிஸ்டர், ஒரு பஸர், 9 வோல்ட் பேட்டரி, அவ்வளவுதான். தண்ணீர் இரண்டு கம்பிகளையும் தொட்டதும் அதன் வழியே மிகச் சிறு மின்னோட்டம் பேஸுக்குப் போகிறது. அது கலெக்டர் வழியே பெரிய மின்னோட்டத்தைத் திறந்துவிட, பஸர் ஒலிக்கிறது. நான் படித்த கட்டுரை இதைச் சொன்னதோடு, முதலில் ஒரு டம்ளர் தண்ணீரில் கம்பிகளை நனைத்துச் சோதிக்கச் சொன்னது. செம்புக் கம்பி சீக்கிரம் அரித்துப்போகும், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி போடுங்கள் என்றும் சொன்னது. இப்படி ஒவ்வொரு படியிலும் சோதிக்கச் சொல்லும் திட்டம் நம் மாதிரிப் பொழுது துண்டு துண்டாகக் கிடைப்பவர்களுக்கு மிக முக்கியம். பால் பொங்கியது என்று எழுந்து போய்த் திரும்பி வந்தாலும், விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

பாகங்கள் வாங்க ரிச்சி தெருவுக்குப் போனபோது ஒரு கடைக்காரர், “அண்ணனுக்காம்மா?” என்றார். “எனக்குத்தாண்ணே” என்றேன். பொட்டலத்தைக் கட்டும்போது, பிசி547-இன் எந்தக் கால் எது என்று எனக்குப் பாடம் எடுத்தார். நான் கேட்கவேயில்லை.

மூன்றாவது அளவுகோலைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். பிழைத்திருத்தம் போடுகிறார்களா? ஒரு இதழைப் பார்த்து நான் கட்டிய டைமர் இரண்டு இரவுகள் வேலை செய்யவில்லை. ஒவ்வொரு இணைப்பையும் மல்டிமீட்டரால் தொட்டுப் பார்த்தேன். எல்லாம் படத்தில் உள்ளபடியே இருந்தது. “இதெல்லாம் உனக்கு வராது, விடு” என்று வீட்டில் சொன்னார்கள். அடுத்த மாத இதழின் மூலையில் நான்கு வரி: படத்தில் இரண்டு இணைப்புகள் இடம் மாறிவிட்டன. பிழை அச்சில் இருந்தது, என் கையில் இல்லை. அந்த நான்கு வரி வராமல் போயிருந்தால்? ஒரு பையனின் சர்க்யூட் ஓடாவிட்டால், “சர்க்யூட் சரியில்லை” என்பார்கள். பெண்ணுடையது ஓடாவிட்டால், “பெண்ணுக்கு வராது” என்பார்கள். திருத்தம் போடாத இதழ் எத்தனை பெண்களை அப்படி அனுப்பி வைத்திருக்குமோ! பழைய இதழ்கள் நான்கைந்தைப் புரட்டிப் பாருங்கள். திருத்தமே இல்லை என்றால் பிழையே இல்லை என்று பொருளல்ல.

நான்காவது, இதழ் யாரோடு பேசுகிறது? 2013-இல் லேயா பியூக்லி என்ற பொறியாளர், ‘மேக்’ இதழின் அட்டைகளை எண்ணிப் பார்த்து ஒரு மேடையில் பேசினார். அட்டையில் வந்தவர்களில் 85 விழுக்காட்டினர் ஆண்களும் சிறுவர்களும். வெள்ளையரல்லாதவர் ஒருவர்கூட இல்லை. அவர் வெறுமனே குறை சொன்னவர் அல்லர். துணியில் மின்கடத்தும் நூலால் தைக்கக்கூடிய லிலிபேட் ஆர்டுயினோவை உருவாக்கியவர். ஊசியும் நூலும் தெரிந்த கைக்கு மின்சுற்றும் தெரியும் என்று காட்டியவர். எண்ணுவது எளிது; நீங்களும் எண்ணலாம். எழுதியவர்களின் பெயர்களை, படங்களில் உள்ள கைகளை, விளம்பரங்களில் பெண் எதற்காக நிற்கிறாள் என்பதை. ‘உங்கள் மனைவி வியப்பார்’ என்ற தொனி எங்காவது தென்பட்டால், அந்த இதழின் மனதில் உள்ள வாசகர் நீங்கள் இல்லை என்று தெரிந்துகொள்ளுங்கள்.

அதற்காக அந்த இதழை எறிய வேண்டியதில்லை. விளக்கமும் திருத்தமும் சரியாக இருந்தால் நான் வாங்கிவிடுவேன். நமக்காக எழுதப்படாத எத்தனையோ புத்தகங்களைப் படித்துத்தான் நாம் வந்திருக்கிறோம். ஆனால் பணம் கொடுத்து வாங்கும் இடத்தில் கேள்வி கேட்கும் உரிமையும் இருக்கிறது.

மாணவிகளுக்கு ஒன்று சொல்வேன். முதலிலேயே சந்தா கட்டாதீர்கள். நூலகத்திலோ பழைய புத்தகக் கடையிலோ இரண்டு மூன்று இதழ்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு சிறு திட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். பட்டியலை விலை விசாரியுங்கள். பிசிபி படம் அசல் அளவில் இருக்கிறதா என்று பாருங்கள். பிரெட்போர்டில் கட்டுங்கள். எது உங்களைக் குழப்பத்தில் நிறுத்தாமல் கடைசிவரை கூட்டிச் சென்றதோ, அதற்கு விடுதி அறையில் நான்கு பேர் சேர்ந்து ஒரு சந்தா கட்டுங்கள். சால்டரிங் செய்யும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள், ஈயம் தொட்ட கையைக் கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள்.

கட்டியது ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஆசிரியருக்கு ஒரு கடிதம் போடுங்கள். அடியில் இனிஷியலோடு நிறுத்திவிடாமல், முழுப் பெயரையும் எழுதுங்கள்.