வடிகாலை அடைக்கும் தொழில்: அபிலீஷ் சதுப்பின் மீட்பு

அயர்லாந்தின் நடுச் சமவெளியில், லீஷ் கவுண்டியைச் சேர்ந்த அபிலீஷ் என்னும் சிற்றூரின் தெற்குப் புறத்தில், ஏறத்தாழ 500 ஏக்கர் பரப்பில் ஒரு சதுப்பு நிலம் விரிந்து கிடக்கிறது. புவியியலாளர் இவ்வகை நிலத்தை உயர்சதுப்பு என்பர். பனியூழி முடிந்து பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன் தேங்கி நின்ற ஏரிகள் நாணலும் கோரையும் படிந்து தூர்ந்துபோக, அவற்றின்மேல் ஸ்பேக்னம் என்னும் பாசி மழைநீரை மட்டுமே உண்டு தலைமுறை தலைமுறையாக வளர்ந்ததால், சுற்று நிலத்தைவிட நடுப்பகுதி மேடிட்டு இது உருவாயிற்று. காற்றுப் புகாத நீரில் முழுமையாக மட்காமல் அடுக்கடுக்காகப் படிந்த தாவர எச்சமே பீட் எனப்படுகிறது. ஆண்டுக்குச் சராசரியாக ஒரு மில்லிமீட்டர் அளவே அது உயரும். எனவே ஒரு மீட்டர் ஆழத்துக்கு வெட்டி எடுப்பவர் ஆயிரம் ஆண்டு வளர்ச்சியை எடுத்துவிடுகிறார்.

இப்பகுதியின் குடும்பங்கள் ஸ்லான் என்னும் பக்க அலகு கொண்ட மண்வெட்டியால் பீட்டைக் கட்டிகளாக வெட்டி, வெயிலிலும் காற்றிலும் உலர்த்தி, குளிர்காலத்துக்கு அடுப்பெரித்து வந்தது நெடுங்கால வழக்கம். ஆயினும் சதுப்புகளின் பேரழிவு பெருமளவில் இயந்திரங்களோடு வந்தது. 1946இல் நிறுவப்பட்ட போர்ட் ந மோனா என்னும் அரசு நிறுவனம் நடுச் சமவெளிச் சதுப்புகளைத் தொழில்முறையில் வடித்து வெட்டியது. நாட்டில் முன்பு மூன்று லட்சம் ஹெக்டேருக்கும் மேல் இருந்த உயர்சதுப்பில், இன்றும் பாசி வளர்ந்து பீட் உருவாகும் உயிருள்ள பகுதி நூற்றில் ஒரு பங்குகூடத் தேறாது. அபிலீஷ் சதுப்பிலும் 1980களில் அந்நிறுவனம் நெடுக வடிகால்களை வெட்டியது. 2000ஆம் ஆண்டில் அவ்வேலையைத் தொடர இயந்திரங்கள் வந்தபோது ஊர்மக்கள் எதிர்த்து நின்று தடுத்தனர். நெடிய பேச்சுவார்த்தைக்குப் பின் 2012இல் நிலம் ஐம்பது ஆண்டுக் குத்தகையாக ஊர்ச் சமூகத்தின் பொறுப்புக்கு வந்தது. எதிர்ப்பு பலருக்கும் நினைவிருக்கிறது. ஆனால் அதன் பின்னர் நிகழ்ந்துவரும் பொறுமையான வேலையே இங்கு மேலும் பாராட்டத்தக்கது.

அந்த வேலையின் உயிர்நாடி, வெட்டப்பட்ட வடிகால்களைப் பீட்டைக் கொண்டே அடைப்பதாகும். குத்தகைக்கு முன்பே, 2009இல், நிறுவனத்தின் இயந்திரங்களே திரும்ப வந்து மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பீட் தடுப்புகளை எழுப்பின. வடிப்பதற்கும் அடைப்பதற்கும் நோக்கம் நேர் எதிரானதாயினும், சதுப்பின் குணமறிந்து கை வைக்கும் தேர்ச்சி இரண்டுக்கும் பொதுவானது. சாதாரண மண்வாரி இயந்திரம் இந்நிலத்தில் புதைந்துவிடும் என்பதால், எடையைப் பரப்பித் தாங்கும் அகன்ற பட்டைச் சக்கரம் கொண்ட இயந்திரமே இறக்கப்படுகிறது. தடுப்பு எழும் இடத்தில் வடிகாலின் அடியிலும் இரு பக்கங்களிலும் காய்ந்து வெடித்த பழைய பீட் முதலில் சுரண்டி அகற்றப்படும். அகற்றாமல் விட்டால் நீர் அந்த வெடிப்பு வழியே கசிந்து தடுப்பைச் சுற்றிப் போய்விடும்.

தடுப்புக்கு உகந்த பீட்டைத் தேர்வதில்தான் தொழிலாளியின் கணிப்பு வெளிப்படுகிறது. ஒரு கைப்பிடியை அள்ளி இறுக்கிப் பிழியும்போது தெளிந்த நீர் மட்டும் வடிந்து, கையில் பாசியின் இலையும் நாரும் அப்படியே தங்கினால் அது மட்காத பீட். அதனுள் நீர் எளிதில் ஊடுருவும். கருஞ்சேறாக விரலிடுக்கில் பிதுங்கி வந்தால் நன்கு மட்கியது. அதுவே நீரைத் தடுத்து நிறுத்தும். சுவீடன் நாட்டு அறிவியலாளர் லென்னார்ட் வோன் போஸ்ட் இந்தப் பிழிதல் சோதனையைப் பத்துப் படிநிலைகளாக வகுத்தார். அவர் பெயரிலேயே அது இன்றும் வழங்குகிறது. தக்க பீட்டை ஈரத்தோடு தோண்டி, அடுக்கடுக்காக இட்டு, வாளியின் முதுகால் அமுக்கி, நிலமட்டத்தைவிடச் சற்று உயர்த்திக் கட்டுகின்றனர். அது பின்னர் படிந்து தாழும் என்பதால் இந்த உயரம் தேவைப்படுகிறது. வெயிலில் வெடிக்காதிருக்கத் தடுப்பின் முகட்டில் உயிருள்ள தாவரத்தோடு பெயர்த்தெடுத்த மேல்தோல் போர்த்தப்படுகிறது. நிலம் ஏறத்தாழ பத்து சென்டிமீட்டர் சரியும் இடந்தோறும் ஒரு தடுப்பு என்பது பொதுவிதி. சரிவு கூடும் இடங்களில் தடுப்புகள் நெருங்கி நிற்கும்.

தடுப்பு வெற்றி பெற்றதா என்பதைப் பார்வை மட்டும் சொல்லாது. அதனால் துளையிட்ட குழாய்கள் நிலத்தில் செங்குத்தாகப் புதைக்கப்பட்டு, உள்ளே நிற்கும் நீரின் மட்டம் முறையாக அளக்கப்படுகிறது. ஆண்டின் பெரும்பகுதியும் நீர் மேற்பரப்புக்குப் பத்து சென்டிமீட்டருக்குள் நின்றால்தான் ஸ்பேக்னம் தழைக்கும். அடைபட்ட வடிகாலில் முதலில் தோன்றுவது நீரில் மிதக்கும் மென்பாசி. பின்னர் மேடு கட்டும் சிவந்த பாசியினங்கள் மெல்லப் பரவும். தன் உலர் எடையைப்போல் இருபது மடங்கு வரை நீரை உறிஞ்சி வைக்கும் இப்பாசி பரவிய பின், சதுப்பு தன் நீரைத் தானே காக்கத் தொடங்குகிறது. கால்நடையாகச் செல்வோருக்கான மிதிபலகைப் பாதையில் நின்று நோக்கினால், பழைய வடிகால்களின் நேர்க்கோடுகள் பசும்பாசியால் மூடப்பட்டு வருவதைக் காணலாம். பாசி வளரும் பரப்பு முன்னைவிடப் பல மடங்கு விரிந்துள்ளது.

ஊர்த் தன்னார்வலர்களின் உழைப்பு பெரும்பாலும் கண்ணுக்குப் படாத வகையினது. காய்ந்த விளிம்புகளில் முளைக்கும் பைன், பிர்ச் கன்றுகள் நிலத்து ஈரத்தை உறிஞ்சிவிடும் என்பதால் அவற்றைப் பிடுங்குவதும், வெட்டினாலும் வேரிலிருந்து துளிர்க்கும் ரோடோடென்ட்ரான் புதரை மீண்டும் மீண்டும் அகற்றுவதும், பறவை, பட்டாம்பூச்சி, தும்பி ஆகியவற்றைக் கணக்கெடுப்பதும் அவர்கள் வேலை. இத்தகைய நீடித்த கண்காணிப்பை வெளியிலிருந்து வரும் ஒப்பந்தக்காரர் எவரும் தரமுடியாது. குழாயின் நீர்மட்டம் ஒரு கோடையில் தாழ்வதை உடனே கவனிக்க அருகிலேயே வாழ்பவர் வேண்டும். 2023இல் நாடு தழுவிய டைடி டவுன்ஸ் (தூய ஊர்கள்) போட்டியில் அபிலீஷ் முதன்மைப் பரிசு பெற்றபோது, இந்த உழைப்புக்கும் அதில் பங்கிருந்தது.

முன்னாளில் பீட் வெட்டப்பட்ட விளிம்புகளில் செங்குத்தான கரைகள் இன்னும் நீரை இழந்து தாழ்ந்து வருகின்றன. அவற்றை நிறுத்துவது நடுப்பகுதி வடிகால்களை அடைப்பதைவிடக் கடினம். குத்தகைக் காலம் 2062இல் முடியும்வரை, இவ்விளிம்புகளே தன்னார்வலர்களின் அடுத்த வேலைக்களம்.