சேவல் கொண்டையும் என் மனைவியின் முழங்காலும்

போன மாதம் பேத்தி விடுமுறைக்கு வந்திருந்தாள். குளியலறை அலமாரியில் அவள் வைத்திருந்த சின்னக் கண்ணாடிப் புட்டியை எடுத்துப் பார்த்தேன். 36 வருடம் கோப்பு பார்த்த பழக்கம், எதை எடுத்தாலும் முதலில் பொடி எழுத்தைத்தான் கண் தேடும். "ஹையலூரோனிக் அமிலம்" என்றிருந்தது. எங்கோ பார்த்த பெயராயிற்றே என்று மருத்துவச் செலவு ரசீதுகளைப் புரட்டினேன். போன வருடம் என் மனைவியின் முழங்காலில் போட்ட ஊசிக்கும் அதே பெயர்!

முகத்துக்குப் பூசுவதும் முட்டிக்குப் போடுவதும் ஒன்றா என்று எனக்குக் குழப்பம்.

புதுச்சேரியில் நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். இயற்கை அறிவியல் வகுப்பில் எங்கள் முசே ஒரு மாட்டுக் கண்ணை அறுத்துக் காட்டினார். உள்ளே தெளிந்த கூழ் போல ஒன்று. "கோர் வித்ரே" என்றார். கண்ணாடி போன்ற பொருள் என்று அர்த்தம். 1934இல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கார்ல் மேயரும் ஜான் பால்மரும் இந்த அமிலத்தைப் பிரித்தெடுத்தது அதே மாட்டுக் கண் கூழிலிருந்துதான். கிரேக்கத்தில் "ஹையலோஸ்" என்றால் கண்ணாடி. பெயர் அப்படி வந்தது.

அமிலம் என்றாலும் எரிக்காது. இரண்டு வகைச் சர்க்கரை மாறி மாறிக் கோத்த நீளமான சங்கிலி அது. தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு கூழாகிவிடும். 70 கிலோ எடையுள்ள ஒருவர் உடம்பில் சுமார் 15 கிராம் இருக்கும். அதில் பாதி தோலில். மூன்றில் ஒரு பங்கை உடம்பு தினமும் அழித்துப் புதிதாகச் செய்துகொள்கிறது. வயதானால் தோலில் இதன் அளவு குறைகிறது. மூட்டுக்குள் முட்டை வெள்ளைக்கரு போல இருக்கும் திரவத்துக்கு அந்த வழவழப்பைத் தருவதும் இதுவே. மூட்டு தேயும்போது அந்தத் திரவம் நீர்த்துப்போகிறது. அதற்குத்தான் ஊசி.

முகத்தில் பூசுவது வேறு கதை. பெரிய மூலக்கூறுகள் தோலுக்குள் ஆழமாக இறங்காது. மேலே படலமாக நின்று ஈரத்தைப் பிடித்து வைக்கும், அவ்வளவுதான். நானும் ஒருநாள் திருட்டுத்தனமாக உலர்ந்த முகத்தில் தடவிப் பார்த்தேன். கஞ்சி போட்ட சட்டை போல முகம் விறைத்தது. பேத்தி கண்டுபிடித்துவிட்டாள். "ஈர முகத்துல போட்டு, மேல கிரீம் தடவணும் தாத்தா" என்று சிரித்தாள்.

ஊசி போடுவதற்கு முன்னால், இதைச் சேவல் கொண்டையிலிருந்தும் எடுப்பார்கள் என்று எங்கோ கேள்விப்பட்ட என் மனைவி, "சைவக்காரி காலுக்குச் சேவலா?" என்று முரண்டு பிடித்தாள். மருத்துவர் பெட்டியைக் காட்டினார். நம் இட்லி மாவு புளிக்கிற மாதிரி, நுண்ணுயிர்களை வளர்த்துத் தயாரித்தது. அதன் பிறகே காலை நீட்டினாள். சிலருக்குக் கேட்கும், சிலருக்குக் கேட்காது, தேய்ந்த எலும்பு திரும்ப வளராது என்று அவர் முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

அவளுக்குச் சில மாதங்கள் வலி மட்டுப்பட்டது. கடற்கரைச் சாலையில் காந்தி சிலை வரை என்னோடு நடந்தாள். இப்போது மறுபடி வலி வந்துவிட்டது.

என்னை உறுத்துவது வேறொன்று. அத்தனை வருடமும் விடியற்காலையில் அவள் குந்தி உட்கார்ந்து போட்ட கோலத்தை மிதிக்காமல் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு அலுவலகம் போயிருக்கிறேன். கால் வலிக்கிறதா என்று ஒருநாளும் கேட்டதில்லை. வாசலில் கோலம் இல்லாமல் போய் ஒரு வாரம் கழித்துத்தான் கேட்டேன்.

"இப்பவாவது கேட்டீங்களே" என்றாள்.

இப்போது அவள் நாற்காலியில் உட்கார்ந்து புள்ளிக் கணக்குச் சொல்கிறாள். கோலம் போடுவது நான். கோடு கோணலாக வருகிறது. முழங்காலும் லேசாக வலிக்கிறது.