எண்ணிட்டுக் கட்டிய இல்லம்

'வீட்டைக் கட்டிப் பார். கலியாணத்தைச் செய்து பார்' என்பது நம் முன்னோர் வாக்கு. இவ்விரண்டிலும் கைப்பொருள் கரையும் என்பதை மட்டும் அப்பழமொழி சுட்டவில்லை. செய்கின்றவனுடைய உள்ளம் எத்தகையது என்பதும் அப்போது வெளிப்பட்டுவிடும் என்பதையும் சேர்த்தே சுட்டுகின்றது. அதனை நான் ஏட்டில் படித்து அறியவில்லை. சுண்ணாம்பும் மரத்தூளும் படிந்த கைகளோடு அறிந்தேன்.

'வீடு' என்னும் சொல் 'விடு' என்னும் வினையடியாகப் பிறந்தது. நாம் குடியிருக்கும் மனையையும், பற்றுகளை விட்டு எய்தும் பேற்றையும் தமிழ் ஒரே சொல்லால் குறிக்கின்றது. இதனை வகுப்பறையில் பலமுறை விளக்கியிருக்கின்றேன். ஆயினும் அதன் பொருள் எனக்கு விளங்கியது 2013-ஆம் ஆண்டுக் கோடையில்தான்.

எங்கள் பூர்வீக இல்லம் சோழநாட்டுக் கடற்கரைச் சிற்றூர் ஒன்றில் இருந்தது. பாட்டனார் இரங்கூனில் கடை வைத்துப் பொருளீட்டி, 1938-இல் கட்டிய வீடு அது. நான்கு தூண்கள் தாங்கிய கூடம், முற்றம், திண்ணை, மேலே சீமை ஓடு. உத்தரம் முதல் நிலைக்கதவு வரை யாவும் பர்மாத் தேக்கு. 1942-இல் சப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியபோது அங்கிருந்த எங்கள் கடை போயிற்று. இங்கிருந்த வீடு மட்டும் எஞ்சியது. வாப்பா 2011-இல் மறைந்தபின் உம்மா மட்டும் அதில் தனித்திருந்தார். சுவர்கள் உப்புக்காற்றில் அரித்து உதிரத் தொடங்கின. மரங்களோ உளிபட்ட நாளில் இருந்தவாறே இருந்தன.

நான் பணிபுரியும் ஊரில் நான்கு சென்ட் மனை வாங்கியிருந்தேன். வீடு கட்டக் கடன் தர வங்கிகள் அணியமாக இருந்தன. வட்டிக்கு வாங்குவதில்லை என்று நானும் என் துணைவியாரும் உறுதி பூண்டிருந்தோம். சேமிப்பும் அவருடைய நகைகள் சிலவும் சுவர் எழுப்பப் போதும், மரத்திற்குப் போதா. அப்போதுதான் பழைய வீட்டின் மரங்களையும் ஓடுகளையும் பெயர்த்துக் கொணர்ந்து புதிய சுவர்மேல் பூட்டலாம் என்னும் எண்ணம் தோன்றிற்று.

இவ்வெண்ணத்திற்கு வித்திட்டது நூலகத்தில் முன்பு படித்த ஒரு செய்தியாகும். அமெரிக்க நாட்டில், மிச்சிகன் மாநிலத்துப் பே சிட்டி நகரில், 1906-இல் தொடங்கப்பெற்ற நிறுவனம் ஒன்று வீடுகளை மரத்துண்டுகளாகவே விற்றது. ஓரிரவில் மாளிகை எழுந்த அரபுக் கதையை நினைந்து அதற்கு 'அலாதீன்' என்று பெயரிட்டனர். சிகாகோவின் சியர்ஸ் ரோபக் நிறுவனமும் 1908 முதல் 1940 வரை விலைப்பட்டியல் வழியாக வீடுகளை விற்றது. அவை 70,000-க்கும் மேற்பட்டவை என மதிப்பிடுவர். அளவாக அறுத்து எண்ணிட்ட மரங்களும், ஆணிகளும், வண்ணப்பூச்சும், வழிகாட்டும் கையேடும் புகைவண்டியில் வந்திறங்கும். தந்தையும் மக்களும் சுற்றத்தாரும் கூடிக் கையேட்டைப் பார்த்துப் பூட்டுவர். அந்நிறுவனம் தவணைக் கடனும் தந்தது. 1929-க்குப் பின் வந்த பெருமந்தத்தில் தவணை கட்ட இயலாதோர் பலர், தம் கையாலேயே கட்டிய வீடுகளை இழந்தனர். பின்னர் நிறுவனம் கடன் தருவதையே கைவிட்டது. வட்டியை விலக்கிய என் உறுதியை இச்செய்தி வலுப்படுத்தியது. அதனால் உள்ளூர ஒரு பெருமிதமும் எனக்குள் வளர்ந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

பங்குனியில் வேலை தொடங்கினோம். முதிய தச்சர் ஒருவர் தலைமை ஏற்றார். தாய்மாமன், மச்சான், மச்சானின் மகன், பத்து வயதான என் மகன் என எல்லோரும் கூடினோம். பெயர்க்குமுன் ஒவ்வொரு மரத்திலும் சுண்ணாம்பால் எண்ணிட்டோம். தூண் ஒன்று, தூண் இரண்டு, வடக்கு உத்தரம், தெற்கு உத்தரம், கைமரம் ஒன்று முதல் நாற்பத்திரண்டு வரை. அவ்வெண்களை என் மகன் ஒரு குறிப்பேட்டில் படமாக வரைந்தான். ஓடுகளைக் கை மாற்றிக் கை மாற்றி இறக்கினோம். இவ்வகை ஓட்டை மங்களூரில் 1865-ஆம் ஆண்டில் பேசல் மிஷன் தொண்டர்கள் வார்க்கத் தொடங்கினர் என்று அவனுக்குச் சொன்னபோது, ஒவ்வோர் ஓட்டின் முதுகையும் திருப்பி முத்திரையைத் தேடத் தொடங்கிவிட்டான். அன்று வேலை பாதியாகக் குறைந்தது!

புதிய மனையில் கொத்தனார் சுவர் எழுப்பி முடித்திருந்தார். மரங்களை இறக்கி அடுக்கினோம். அன்றிரவே சித்திரை மாதத்துக் கோடை மழை கொட்டித் தீர்த்தது. விடிந்து பார்த்தால், சுண்ணாம்பு எண்கள் முற்றும் கரைந்துபோயிருந்தன. குறிப்பேட்டில் படம் இருந்தது. எந்த மரம் எந்த எண் என்பதைச் சொல்லத்தான் ஒன்றுமில்லை.

1920-இல் வெளிவந்த 'ஒன் வீக்' என்னும் ஊமைப் படத்தில், பஸ்டர் கீட்டன் நடித்த புதுமணமகன் இத்தகைய எண்ணிட்ட வீட்டைப் பூட்டுவான். பகைவன் ஒருவன் பெட்டிகளின் எண்களை மாற்றிவிட, வீடு கோணல்மாணலாக எழும். பிறர் வீடாயின் நகைக்கலாம். கையால் இழைத்த பழைய மரத்தில் ஒவ்வொரு கழுந்தும் தனக்குரிய துளையில் மட்டுமே பொருந்தும். தச்சர் இரண்டு நாள் பொருத்திப் பார்த்துவிட்டுக் கருவிகளைக் கீழே வைத்துவிட்டார்.

செய்தி கேட்டு என் லாத்தா வந்தார். மணமாகி இருபதாண்டுகளுக்கு மேலாகியும் அவர் நெஞ்சில் அவ்வீடு அப்படியே இருந்தது. மரக்குவியலைச் சுற்றி வந்தவர், ஓர் உத்தரத்தின்மேல் கை வைத்தார். "இது வடக்கு உத்தரம். தம்பி, உன் தொட்டில் கொக்கி இதில்தான் இருந்தது" என்றார். கொக்கி போய்விட்டிருந்தது, அதன் துளை இருந்தது. "இந்தத் தூணில்தான் நான் விளக்கைச் சாய்த்து வைத்துக் கருக்கினேன். வாப்பா அடிக்கவில்லை, உம்மாதான் அடித்தார்" என்று மற்றொன்றைக் காட்டினார். இரண்டு மரங்கள் இடம் தெரிந்தவுடன் அவை கூடும் மூட்டுவாயைத் தச்சர் துடைத்துப் பார்த்தார். கழுந்தின் பக்கத்தில் மூன்று உளிக்கோடுகள். துளையின் ஓரத்திலும் மூன்று கோடுகள். 1938-இல் இழைத்த தச்சர்களும் எண்ணிட்டே பூட்டியிருக்கின்றனர்! நாங்கள் சுண்ணாம்பால் எழுதினோம். அவர்கள் உளியால் எழுதியிருந்தார்கள். நெடுநல்வாடையில் நக்கீரர், நூலறி வல்லோர் கயிறு பிடித்து அரண்மனைக்கு இடம் வகுத்த நுட்பத்தைப் பாடியிருக்கின்றார். அந்நுட்பத்தின் தொடர்ச்சி எங்கள் வீட்டு மரத்திலும் இருந்ததை எழுபத்தைந்து ஆண்டுகள் யாரும் அறியவில்லை.

அன்றிரவு சாரத்தின் அடியில் அமர்ந்து உணவருந்தினோம். பிள்ளைகளுக்குக் கஃபா புதுப்பிக்கப்பெற்ற வரலாற்றைச் சொன்னேன். பெருமானார் (ஸல்) அவர்களுக்கு நபித்துவம் வருவதற்கு முன், அவர்களது முப்பத்தைந்தாம் அகவையில், குறைஷியர் கஃபாவை மீண்டும் கட்டினர். ஜித்தாக் கரையில் உடைந்த கப்பலொன்றின் மரங்களைக் கொணர்ந்து கூரை வேய்ந்தனர். "பார்த்தீர்களா, அதுவும் பழைய மரந்தான்!" என்றேன். அப்பணிக்குத் தூய பொருளை மட்டுமே செலவிடுவது, வட்டிப் பணம் சேர்க்கக் கூடாது என்று முடிவு செய்தார்கள். தூய பொருள் போதாமையால் கட்டடத்தைச் சுருக்கினார்கள். அதனால்தான் ஹதீம் என்னும் பகுதி இன்றளவும் சுவருக்கு வெளியே நிற்கின்றது. இதனைச் சொல்லும்போது என் குரலில் பெருமை இருந்திருக்க வேண்டும்.

பிள்ளைகள் உறங்கியபின் உம்மா என்னை அருகே அழைத்தார். "கதையைப் பாதிதானே சொன்னாய், தம்பி? வட்டி மட்டுமா கூடாது என்றார்கள்? அடுத்தவர் ஹக்கும் கூடாது என்றார்களே" என்றார்.

எனக்குப் புரிந்தது. மரத்தைப் பெயர்க்குமுன் லாத்தாவிடம் கேட்டிருந்தேன். "எனக்கெதற்கு? நீ நல்லா இருந்தால் போதும்" என்றார். அச்சொல்லை மறுமுறை கேளாமல் எடுத்துக்கொண்டேன். திருமணத்தின்போது நகை போட்டாயிற்று, சீர் செய்தாயிற்று என்று என் மனமும் கணக்கை முடித்துவிட்டது. "லாத்தா மனம் ஒப்பிச் சொன்னாளா, வெட்கப்பட்டுச் சொன்னாளா என்று பார்த்தாயா?" என்று உம்மா கேட்டார். விடை சொல்ல என்னால் இயலவில்லை.

அந்நிஸா அத்தியாயம் வகுத்த பாகம் தெளிவானது. எங்கள் சொத்தை இருபத்து நான்கு கூறாக்கினால், உம்மாவுக்கு எட்டில் ஒன்றாகிய 3, மகனுக்கு 14, மகளுக்கு 7. இதனைப் பிறர் வழக்கில் நானே எழுதிக் காட்டியதுண்டு! மறுநாள் மரவணிகர் ஒருவரை அழைத்து மதிப்பிடச் சொன்னேன். மரமும் ஓடும் 2,40,000 ரூபாய் பெறும் என்றார். லாத்தாவின் பங்கு 70,000. உம்மா தம் 30,000-ஐப் பேரப்பிள்ளைகளின் படிப்புக்கு என்று அப்போதே சொல்லிவிட்டார். தரைக்கல் பதிக்கவும் சுவர்களுக்கு வண்ணம் பூசவும் ஒதுக்கிய தொகை என் கையில் இருந்தது. அதனை எடுத்துச் சென்று லாத்தாவிடம் கொடுத்தேன்.

அவர் மறுப்பார் என்று எதிர்பார்த்தேன். ஒருமுறையேனும் 'வேண்டாம்' என்பார், நான் வற்புறுத்துவேன் என்று எண்ணியிருந்தேன். அவர் மறுக்கவில்லை. இரு கைகளாலும் வாங்கி, முந்தானையில் முடிந்துகொண்டு, சிறிது நேரம் தலைகுனிந்திருந்தார். பிறகு, "பெரியவளுக்குக் கல்லூரியில் கட்ட வேண்டும், தம்பி. மச்சானிடம் எப்படிக் கேட்பது என்று இருந்தேன்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அவர் தேவையோடு இருந்தார். அவருடைய பொருளின்மேல் நான் உத்தரம் ஏற்றிக்கொண்டிருந்தேன். வட்டியை விலக்கியதற்காக நெஞ்சு நிமிர்த்திய நான், உடன்பிறந்தாளின் வாட்டத்தைக் காணாதிருந்தேன்.

வைகாசியில் கூரை முடிந்தது. தாய்மாமன் தூக்குக்குண்டு பிடிக்க, மச்சான் இரசமட்டம் பார்க்க, என் மகன் கடைசி ஓட்டைக் கொடுக்க, துணைவியார் எல்லோருக்கும் நோன்புக் கஞ்சிபோல் ஒரு கஞ்சி காய்ச்சினார். தரை வெறும் சிமெண்டு. சுவர் வெறும் சுண்ணாம்பு. மூன்றாண்டுகள் அவ்வாறே இருந்தோம். வந்தவர் சிலர், "விரிவுரையாளர் வீடு இன்னும் முடியவில்லையே" என்றனர். எங்கள் ஹதீம் அது என்று மனத்துள் சொல்லிக்கொண்டேன்.

லாத்தாவின் மூத்த மகள் இன்று ஒரு பள்ளியில் ஆசிரியை. விடுமுறைக்கு வரும்போதெல்லாம் அந்தக் கருகிய தூணில் சாய்ந்துதான் அமர்வாள்.

மாணவச் செல்வங்களே! இறையருளால் நீங்களும் ஒருநாள் வீடு கட்டுவீர்கள். செங்கல்லையும் மரத்தையும் எண்ணுவதற்குமுன், அவற்றில் யாருடைய பங்கு எத்தனை என்பதை எண்ணுங்கள். உடன்பிறந்தாள் 'வேண்டாம்' என்று சொன்னால் ஒருமுறைக்கு இருமுறை கேளுங்கள். பிறர்க்குரியதை விட்டபின் எஞ்சி நிற்பதே வீடு. அத்தகைய வீட்டில் நம் அனைவரையும் குடியிருத்த வல்ல இறைவன் அருள்வானாக!